கல்லூரி வரலாறு எழுதப் போகிறீர்களா? படியளந்தவர் வீட்டில் தேடுங்கள்

பெரிய விழா ஒன்று நெருங்கும்போது ஒவ்வொரு கல்லூரியிலும் யாராவது ஒருவர் தலையில் 'கல்லூரி வரலாறு' எழுதும் பொறுப்பு வந்து விழும். பெரும்பாலும் அவர் தமிழ்த் துறையிலோ வரலாற்றுத் துறையிலோ புதிதாகச் சேர்ந்தவராக இருப்பார். மறுத்துப் பேச முடியாது என்பதே அவருடைய முதல் தகுதி. பழைய பொன்விழா மலரைக் கையில் கொடுத்து, "எல்லாம் இதிலேயே இருக்கிறது, கொஞ்சம் புதுப்பித்தால் போதும்" என்பார்கள். அந்தப் பொன்விழா மலரை எழுதியவர் கையில் வெள்ளிவிழா மலரைக் கொடுத்திருப்பார்கள். ஒரு தவறான ஆண்டும் இரண்டு கட்டுக்கதைகளும் மலருக்கு மலர் தாவிக் கடைசியில் வாயிற்கல்வெட்டில் ஏறுவது இப்படித்தான்.

அந்தப் பொறுப்பில் மாட்டிக்கொண்டவருக்கும், தான் படித்த கல்லூரியைப் பற்றித் தானாகவே தேடக் கிளம்பும் பழைய மாணவருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். கல்லூரிக்குள் தேடுவதைத் தள்ளிவைத்துவிட்டு, அந்தக் கல்லூரிக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று முதலில் கண்டுபிடியுங்கள். பணம் வாங்கியவர் கணக்குச் சொல்லியே ஆகவேண்டும். கட்டடம் கட்ட, ஆசிரியரை நியமிக்க, ஆய்வுக்கூடத்துக்குக் கண்ணாடிக் குடுவை வாங்க, எல்லாவற்றுக்கும் முதல்வர் யாருக்கோ கடிதம் எழுதியிருப்பார். கல்லூரியில் இருந்த நகல் கறையானுக்குப் போயிருக்கும். கடிதத்தைப் பெற்றவரிடம் மூலம் இருக்கும்.

முதல் படி: படியளந்தவர் யார்?

அரசுக் கல்லூரி என்றால் பதில் எளிது. சென்னை மாநிலக் கல்லூரி, 1854-இல் பள்ளியாகத் தொடங்கிய கும்பகோணம் கல்லூரி, 1914-இல் பெண்களுக்காகத் தொடங்கிய ராணி மேரி கல்லூரி ஆகியவற்றின் கடிதங்கள் அரசுக்குப் போயின. அவற்றைத் தேட வேண்டிய இடம் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

மிஷன் கல்லூரிகளுக்குக் கடல் கடக்க வேண்டும். மதுரை அமெரிக்கன் கல்லூரியின் வேர் பசுமலையில் இருக்கிறது. அதை நடத்திய அமெரிக்க மிஷனின் தலைமையகம் பாஸ்டனில் இருந்தது. அதன் ஆவணங்கள் இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஸ்காட்லாந்துக்காரர்களுடையது. எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் மிஷன் ஆவணங்கள் இருக்கின்றன. இங்கே ஒரு பொறி உண்டு. 1837-இல் ஜான் ஆண்டர்சன் இந்தப் பள்ளியைத் தொடங்கியபோது பணம் அனுப்பியது ஸ்காட்லாந்துத் திருச்சபை. 1843-இல் அந்தச் சபை உடைந்து சுதந்திரத் திருச்சபை பிரிந்தது. ஆண்டர்சன் பிரிந்தவர்களோடு போனார். ஆகவே 1843-க்கு முந்தைய கடிதங்களை ஒரு சபையின் கோப்பிலும் பிந்தையவற்றை மற்றொன்றின் கோப்பிலும் பார்க்க வேண்டும். இது தெரியாதவர் ஒரே வரிசையைப் புரட்டிவிட்டு "ஆவணம் இல்லை" என்று எழுதிவிடுவார்.

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் திருச்சிக்கு வந்தது. நடத்தியவர்கள் இயேசு சபையினர். அவர்கள் எழுதிவைப்பதில் கெட்டிக்காரர்கள். கொடைக்கானல் மலையில் செண்பகனூரில் அவர்கள் திரட்டிய காப்பகம் ஆய்வாளர்களிடையே பெயர்பெற்றது. ஒரே சிக்கல், அவர்களுடைய மதுரை மிஷனின் 19ஆம் நூற்றாண்டுப் பாதிரியார்களில் பெரும்பாலோர் பிரெஞ்சுக்காரர்கள். பிரெஞ்சு தெரிந்த நண்பர் ஒருவரை இப்போதே பிடித்துவைத்துக்கொள்ளுங்கள். 1915-இல் தொடங்கிய சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரி வேறு வகை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இருந்த பல மிஷன் சங்கங்கள் சேர்ந்து நடத்தியதால் கடிதங்களும் பல இடங்களில் சிதறிக் கிடக்கும்.

அறக்கட்டளைக் கல்லூரி என்றால் அறக்கட்டளைப் பத்திரமும் தீர்மானப் புத்தகமும்தான் மூலம். பத்திரத்தின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் கட்டி வாங்கலாம். சங்கமாகப் பதிவு செய்திருந்தால் மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். கோயில் பணத்தில் நடக்கும் கல்லூரிகளும் உண்டு; பழனியாண்டவர் கல்லூரியைத் தேவஸ்தானம் நடத்துகிறது. அங்கே இந்து சமய அறநிலையத் துறையின் கோப்புகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வணிகர்கள் வியாபாரத்தில் ஒரு பங்கை ஒதுக்கிச் சேர்த்த மகமைப் பணத்தில் எழுந்த கல்லூரி என்றால், அந்தச் சமூகத்தின் உறவின்முறைச் சங்கத்தின் வரவு செலவுப் புத்தகத்தைக் கேளுங்கள். எந்தக் கடை எந்த ஆண்டு எவ்வளவு கொடுத்தது என்பது மலர்களில் வராது. அந்தப் புத்தகத்தில் வரும்.

படியளந்தவர் வீட்டுக் காகிதம் எவ்வளவு பேசும் என்பதற்கு யாழ்ப்பாணத்தைச் சொல்லலாம். 1823-இல் அமெரிக்க மிஷனரி டானியல் பூர் தலைமையில் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி 1855-இல் மூடப்பட்டது. அங்கே படித்தவர்களுக்கு, அமெரிக்காவிலிருந்து உதவிப்பணம் அனுப்பியவர்கள் சொன்ன பெயரையே சூட்டும் வழக்கம் இருந்தது. கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்ற பெயர்கள் அப்படி வந்தவை. கொடையாளியின் பெயர் மாணவனின் மேலேயே ஒட்டியிருக்கிறது! தேடுபவருக்கு இதில் நடைமுறைப் பயன் உண்டு. மிஷன் அறிக்கையில் ஒருவர் கரோல் என்றும் ஊர் ஆவணத்தில் விசுவநாதபிள்ளை என்றும் வருவார். இரண்டையும் தேடாவிட்டால் ஒரே ஆளை இரண்டு பேராக எண்ணிவிடுவீர்கள். இதே டானியல் பூர் பின்னர் மதுரைக்கு வந்தார். அமெரிக்கன் கல்லூரி நூலகம் அவர் பெயரைத் தாங்குகிறது. இரண்டு ஊர்களிலும் இயங்கியது ஒரே அமெரிக்க மிஷன் என்பதால், யாழ்ப்பாணத்தையும் மதுரையையும் பற்றிய கடிதங்கள் ஒரே அமெரிக்கத் தொகுப்பில் இருக்கின்றன. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட பிறகு, வெளியூரில் தங்கிய பிரதிகளின் மதிப்பு எவருக்கும் சொல்லாமலே புரியும்.

இரண்டாம் படி: 'தொடங்கிய ஆண்டு' என்று ஒன்றை எழுதாதீர்கள்

ஒரு தாளை எடுத்துக் கீழ்க்காணும் ஆண்டுகளைத் தனித்தனியாகக் குறியுங்கள்: பணம் கிடைத்த ஆண்டு, பள்ளியாகத் தொடங்கிய ஆண்டு, கல்லூரி வகுப்பு தொடங்கிய ஆண்டு, பல்கலைக்கழக இணைப்புக் கிடைத்த ஆண்டு, இப்போதைய பெயர் வந்த ஆண்டு, இப்போதைய இடத்துக்கு வந்த ஆண்டு. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆவணம்.

பச்சையப்பன் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சையப்ப முதலியார் 1794-இல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற பணம் வழக்கில் சிக்கி, நீதிமன்றத்தின் வழியாகத்தான் கல்விக்கு வந்தது. பள்ளி 1842-இல், முதல்தரக் கல்லூரியானது 1889-இல், சேத்துப்பட்டுக்கு வந்தது 1940-இல். இவற்றில் எதைப் 'பிறந்த நாள்' என்பது? விழாக்குழு தனக்கு வசதியானதைச் சொல்லட்டும், நீங்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கும் இதே கதைதான்: 1837 பள்ளி, வில்லியம் மில்லர் காலத்தில் 1865-இல் கல்லூரி வகுப்பு, 1877-இல் இன்றைய பெயர், 1937-இல் தாம்பரம்.

இந்தத் தாளை வைத்துக்கொண்டு காப்பகத்துக்குப் போனால் எந்த ஆண்டின் கோப்புக் கட்டைக் கேட்பது என்று தெரிந்திருக்கும். வெறுங்கையோடு போய் "எங்கள் கல்லூரியைப் பற்றி என்ன இருக்கிறது?" என்று கேட்டால், ஊழியர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். அது நியாயமும்கூட.

மூன்றாம் படி: அச்சில் வந்ததை முதலில்

கையெழுத்துக் கோப்பைத் தொடும் முன் அச்சில் உள்ளவற்றை முடித்துவிடுங்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கியது. அது வெளியிட்ட 'காலண்டர்' என்ற ஆண்டுக் கையேடுகள் தங்கச் சுரங்கம். இணைப்புப் பெற்ற கல்லூரிகள், பட்டம் பெற்றவர்களின் பெயர்கள், பாடத்திட்டம், வினாத்தாள்கள் என்று எல்லாம் அதில் வரும். அடுத்தது பொதுக் கல்வித் துறையின் ஆண்டறிக்கைகள். 1855-இல் இயக்குநர் பதவி உருவானதிலிருந்து மாணவர் எண்ணிக்கை, செலவு, தேர்ச்சி, இயக்குநரின் கருத்து எல்லாம் கிடைக்கும். இயக்குநர்கள் சில இடங்களில் மனம்விட்டுத் திட்டியிருப்பார்கள். அந்தப் பத்திகளை விடாதீர்கள். தேர்வு முடிவுகளுக்கும் நியமனங்களுக்கும் செயின்ட் ஜார்ஜ் கோட்டை அரசிதழ். கன்னிமாரா நூலகத்திலும் பல்கலைக்கழக நூலகத்திலும் இவற்றைப் பார்க்கலாம். பழைய காலண்டர்களில் பல இன்டர்நெட் ஆர்கைவ் தளத்திலேயே கிடைக்கின்றன.

அச்சுப் பட்டியலுக்கும் எல்லை உண்டு. தேறியவர்களே அதில் இருப்பார்கள். கணித மேதை ராமானுஜன் கும்பகோணம் கல்லூரியிலும் பச்சையப்பன் கல்லூரியிலும் படித்தார், பி.ஏ.வுக்கு முந்தைய எப்.ஏ. தேர்வில் தேறவில்லை. தேறியோர் பட்டியலை மட்டும் நம்பி ஒரு கல்லூரியின் புகழ்பெற்ற மாணவர்களைத் தொகுத்தால், அதில் அவரே இருக்கமாட்டார். அவரைச் சேர்க்கைப் பதிவேட்டிலும் உதவித்தொகைக் கடிதங்களிலும்தான் பிடிக்க முடியும்.

அவர் கதையிலேயே இன்னொரு எச்சரிக்கையும் இருக்கிறது. மெட்ரிகுலேஷன் தேர்வை 1903 டிசம்பரில் எழுதி 1904 தொடக்கத்தில் கல்லூரியில் சேர்ந்தார். அக்காலத்தில் கல்வியாண்டு ஜூனில் தொடங்கவில்லை. இன்றைய கணக்கை அன்றைக்குப் போட்டால் ஓராண்டு பிசகும். தேர்வுப் பெயர்களையும் கவனியுங்கள்: எப்.ஏ. போய் இன்டர்மீடியட் வந்தது, பிறகு பி.யூ.சி., 1978-இல் பிளஸ் டூ. எப்.ஏ. வரை நடத்தியது இரண்டாம்தரக் கல்லூரி, பி.ஏ. வரை நடத்தியது முதல்தரக் கல்லூரி. இது தரமதிப்பீடு என்று நினைத்து 'இரண்டாம்தரம்' என்ற சொல்லை மலர்களில் மறைத்தவர்கள் உண்டு. பாவம்.

நான்காம் படி: எழும்பூர்

தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் செங்கல் கட்டடம் 1909-இல் சென்னைப் பதிவு அலுவலகமாகத் திறக்கப்பட்டது. போகும் முன் இரண்டு காகிதங்கள் தயாராக இருக்கட்டும்: கல்லூரி முதல்வரிடமோ துறைத் தலைவரிடமோ வாங்கிய அறிமுகக் கடிதம், அடையாள அட்டை. கடிதத்தில் ஆய்வுத் தலைப்பும் காலமும் தெளிவாக இருக்க வேண்டும். எல்லையைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டுக்கொள்ளுங்கள். பிறகு நீட்டிக்க அலைய வேண்டாம்.

நீங்கள் தேடுவது அரசாணைகள். ஆணையைப் பிடிக்க எண், துறை, தேதி மூன்றும் வேண்டும். அவை தெரியாதபோது ஆண்டுவாரியான பொருளகராதியை (ஆணைகளின் அகரவரிசைப் பட்டியலை) புரட்ட வேண்டும். இங்கேதான் புதியவர்கள் சோர்ந்துபோகிறார்கள். காரணம் இரண்டு. ஒன்று, ஊர்ப் பெயர்கள். திருச்சி 'டிரிச்சினாப்பளி'யாகவும், திருநெல்வேலி 'டின்னவெல்லி'யாகவும், நாகை 'நெகபட்டம்' என்றும் ஆங்கில அகரவரிசையில் உட்கார்ந்திருக்கும். கும்பகோணத்தைச் சி எழுத்திலும் கே எழுத்திலும் தேட வேண்டும். மற்றொன்று, கல்வி எப்போதும் ஒரே துறையின் கீழ் இருந்ததில்லை. ஒரு காலத்தில் கல்வித் துறை, 1920-களில் 'சட்டம் (கல்வி)', பிறகு வேறு. கட்டடம் பற்றிய ஆணை பொதுப்பணித் துறையில் கிடக்கும். நிலம் பற்றியது வருவாய்த் துறையில் கிடக்கும். மாநிலக் கல்லூரிக்கு ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1870-இல் திறந்த கட்டடத்தைப் பற்றிக் கல்வித் துறை அகராதியில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும்.

எண்ணைக் குறித்துச் சீட்டு எழுதிக் கொடுங்கள். கட்டு உடனே வந்துவிடாது. ஒரே சீட்டை நம்பி உட்காராமல் வரிசையாகச் சில எண்களைக் கொடுத்துவைப்பது நல்லது.

கட்டு வந்ததும் அவசரப்பட்டு ஆணையைப் படிக்காதீர்கள். ஒரு பழைய ஆணைக் கோப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்: மேலே கல்வி இயக்குநர் அரசுச் செயலருக்கு எழுதிய கடிதம். அதற்கு இணைப்பாகக் கல்லூரி முதல்வரின் கோரிக்கை. அதற்கும் இணைப்பாக ஒரு பட்டியல். ஆசிரியர் பெயர்கள், சம்பளம், வகுப்புவாரி மாணவர் எண்ணிக்கை. கடைசியில் அரசின் ஆணை, பல சமயம் ஒரே வரி: அனுமதி, அல்லது மறுப்பு. அந்த ஒரு வரியைக் குறித்துக்கொண்டு கட்டைத் திருப்பிக் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். சரக்கெல்லாம் இணைப்பில்தான். ஏன் இன்னொரு ஆசிரியர் வேண்டும் என்று வாதாடும் முதல்வர் வகுப்பறை நெரிசலை விவரிப்பார், கூரை ஒழுகுவதைச் சொல்வார், பக்கத்து ஊர்க் கல்லூரியின் மேல் பொறாமைப்படுவார். மறுக்கப்பட்ட கோரிக்கைகளின் கோப்புகள் இன்னும் சுவையானவை. கல்லூரி எதுவாக ஆக நினைத்தது என்பது அங்கே தெரியும்.

பணத் தொகைகள் ரூபாய், அணா, பை கணக்கில் இருக்கும்; ரூபாய்க்குப் பதினாறு அணா. 12-8-0 என்றால் பன்னிரண்டரை ரூபாய். நில ஆவணத்தில் பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டு வந்தால், ஆங்கில ஆண்டுக்கு 590-ஐக் கூட்டுங்கள். பசலி ஜூலையில் தொடங்குவதால் இரண்டு ஆங்கில ஆண்டுகளில் படரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பழைய காகிதம் மொறுமொறுவென்று உடையும். பென்சிலில் குறிப்பெடுங்கள், கையால் ஓரத்தைத் தடவாதீர்கள், எச்சில் தொட்டுப் புரட்டவே புரட்டாதீர்கள். படம் எடுக்கலாமா என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். விதிகள் இடத்துக்கு இடம் மாறும்.

கல்லூரிக்குப் பல்கலைக்கழக இணைப்பு வழங்கிய கோப்புகளை 1966-க்குப் பிறகு எந்தப் பல்கலைக்கழகத்தில் தேடுவது என்பதையும் மாற்றிப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு மதுரைப் பல்கலைக்கழகம் வந்ததும் தென்மாவட்டக் கல்லூரிகள் சென்னையிலிருந்து பிரிந்தன. 1982-இல் பாரதியார், பாரதிதாசன், 1990-இல் மனோன்மணீயம் சுந்தரனார் என்று பிரிவு தொடர்ந்தது.

ஐந்தாம் படி: இனிக் கல்லூரிக்குள்

இப்போது உங்கள் கையில் பெயர்களும் தேதிகளும் இருக்கின்றன. கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளரிடம் "1911 முதல் 1925 வரையிலான சேர்க்கைப் பதிவேடு" என்று குறிப்பாகக் கேட்கலாம். எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியாமல் போகலாம். ஓய்வுபெறும் நிலையில் இருக்கும் அலுவலக உதவியாளரைக் கேளுங்கள். எந்த இரும்பு பீரோவின் சாவி யாரிடம் என்பது அவருக்குத்தான் தெரியும். தர மதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு வருகிறது என்று சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் மாதங்களில் பழைய கட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போவது பல கல்லூரிகளில் நடக்கிறது. ஆகவே இந்தப் படியைத் தள்ளிப்போடவும் கூடாது. கண்ணில் பட்டதை அப்போதே பட்டியலிட்டு முதல்வருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.

தேட வேண்டியவை: சேர்க்கைப் பதிவேடு, ஆட்சிக்குழுத் தீர்மானப் புத்தகம், முதல்வரின் சுற்றறிக்கைப் புத்தகம், சம்பளப் பட்டியல், விடுதிக் கணக்கு, இருப்புப் பதிவேடு, ஆண்டு மலர்கள், குழுப் படங்கள்.

சேர்க்கைப் பதிவேட்டைக் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பெரிய தோல் அட்டைப் புத்தகம், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஓடும் கட்டங்கள். சேர்க்கை எண், பெயர், தந்தை அல்லது காப்பாளர், அவர் தொழில், ஊர், மதம், சாதி, பிறந்த தேதி, முன்பு படித்த பள்ளி, சேர்ந்த வகுப்பு, விலகிய தேதி, காரணம். வரலாறு எழுதுபவர்கள் பெயர்க் கட்டத்தில் பிரபலங்களைத் தேடிக் களைத்துப்போகிறார்கள். நீங்கள் காப்பாளர் கட்டத்தை மேலிருந்து கீழாகப் படியுங்கள். கணக்குப்பிள்ளை, வக்கீல், மிராசுதார் என்று வந்துகொண்டிருந்த இடத்தில் முதன்முதலாக நெசவாளியோ கூலித் தொழிலாளியோ எந்த ஆண்டில் வருகிறார்? முதல் பெண் எந்த ஆண்டில், அவர் முன்பு படித்த பள்ளி எது? அடுத்து, விலகிய தேதிக் கட்டம். ஒரே வாரத்தில் பலர் விலகியிருந்தால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. 1942 ஆகஸ்டையும் 1965 தொடக்கத்தையும் சுற்றறிக்கைப் புத்தகத்தோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். வெள்ளையனே வெளியேறு போராட்டமும் இந்தி எதிர்ப்புப் போராட்டமும் ஆண்டு மலரில் அடக்கி வாசிக்கப்பட்டிருக்கும், பதிவேடு வாய்மூடாது.

இந்தப் பதிவேட்டில் உள்ள சாதியைத் தனியாள் பெயரோடு சேர்த்து அச்சில் ஏற்றாதீர்கள். எண்ணிக்கையாகச் சொன்னால் போதும். பேரப் பிள்ளைகள் அதே ஊரில்தான் இருக்கிறார்கள்.

ஆண்டு மலர்களின் தொடர்ச்சி கல்லூரியில் அறுந்திருந்தால் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் தமிழ் மின் நூலகத்தையும் பாருங்கள். இலங்கைக் கல்லூரிகளுக்கு நூலகம் நிறுவனத்தின் தளம் இருக்கிறது; பள்ளி, கல்லூரி மலர்களை அவர்கள் பெருமளவில் மின்னாக்கம் செய்திருக்கிறார்கள். செய்தித்தாள்களில் 1878-இல் தொடங்கிய தி இந்துவும் 1882-இல் தொடங்கிய சுதேசமித்திரனும் பட்டமளிப்பு, வேலைநிறுத்தம், நன்கொடைச் செய்திகளுக்கு உதவும். தேதி தெரியாமல் செய்தித்தாளில் இறங்குவது கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் வேலை. அரசாணையில் தேதியைப் பிடித்துக்கொண்டு பிறகு இறங்குங்கள்.

ஆறாம் படி: ஆட்களிடம் கேட்பது

ஓய்வுபெற்ற ஆசிரியர்களிடம் பேசுவதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஆவணம் பார்த்துவிட்டுப் போனால் கேள்வி கூர்மையாக இருக்கும். "அந்தக் காலம் எப்படி இருந்தது ஐயா?" என்று கேட்டால் பொற்காலம் பற்றிய சொற்பொழிவு கிடைக்கும். "1971-இல் விடுதியில் இரண்டு சமையற்கட்டு இருந்ததாகக் கணக்கில் வருகிறதே, ஏன்?" என்று கேட்டால் ஒரு நிமிட மௌனத்துக்குப் பின் உண்மை வரும். பேராசிரியர்களோடு நிறுத்தாமல் விடுதிச் சமையற்காரர், நூலக உதவியாளர், ஆய்வுக்கூடப் பணியாளர் ஆகியோரையும் பாருங்கள். குழுப் படத்தை எடுத்துக்கொண்டு போனால் பேச்சு தானாக வரும். மிகவும் வயதானவர்கள் என்றால் மட்டும் வரிசையை மாற்றி, அவர்களை முதலில் பார்த்துவிடுங்கள்.

குறிப்பெடுப்பது பற்றி

ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் காப்பகம், துறை, ஆணை எண், தேதி, பக்கம் ஆகியவற்றை எழுதிய பிறகே செய்தியை எழுதுங்கள். படம் எடுத்தால் முதல் படம் கட்டின் மேல்தாளாக இருக்கட்டும்; இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்துச் செல்பேசியில் ஊர் பேர் தெரியாத நூறு பக்கங்கள் இருக்கும். இரண்டு ஆவணம் முரண்பட்டால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை மறைக்காமல் இரண்டையும் தேதியோடு எழுதுங்கள். நிகழ்ச்சி நடந்தபோதே எழுதிய கடிதத்துக்கு, ஐம்பது ஆண்டு கழித்து எழுதிய மலரைவிட எடை அதிகம். ஆனால் பணம் கேட்டு எழுதிய கடிதத்தில் முதல்வர் கஷ்டத்தைச் சற்றுக் கூட்டித்தான் சொல்லியிருப்பார் என்பதையும் மறக்க வேண்டாம். அதே ஆண்டின் கல்வித் துறை அறிக்கையில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

வேலை முடிந்ததும், எங்கே எந்தக் கட்டைப் பார்த்தீர்கள், எதைக் கேட்டுக் கிடைக்கவில்லை என்ற பட்டியலைத் தட்டச்சு செய்து, மலரோடு சேர்க்காமல் தனியாக ஒரு பிரதியைக் கல்லூரி நூலகரிடம் கொடுத்து, வரவுப் பதிவேட்டில் எண் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.